சரித்திரம் பல்லிளித்த கதை

பெர்லின் விழுந்துவிட்டது. புகை இன்னும் அடங்கவில்லை. வானத்திலிருந்து ஒரு விமானம் இறங்குகிறது. கதவு திறக்க, மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் ஸ்டாலின் படியிறங்கி வருகிறார். முகாம்களிலிருந்து விடுபட்ட கைதிகள் ஆளுக்கொரு மொழியில் வாழ்த்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். போரில் பிரிந்துபோன காதலனும் காதலியும் அந்தக் கூட்டத்தில்தான் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்த கையோடு காதலி என்ன செய்கிறாள்? நேரே ஸ்டாலினிடம் போய், உங்களுக்கு ஒரு முத்தம் கொடுக்கலாமா என்று அனுமதி கேட்கிறாள். காதலன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனுக்கும் சம்மதம்தான். சம்மதமில்லை என்று வாய் திறக்கிற காலமா அது?

‘பெர்லினின் வீழ்ச்சி’ என்ற இந்தப் படம், ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மொஸ்ஃபிலிம் நிறுவனம் வைத்த மொய். இயக்கம் சியாவுரேலி, இசை ஷோஸ்டகோவிச். ஸ்டாலினாக நடித்த கெலோவானிக்குப் படத்துக்குப் படம் அதே வேடம், அதே மீசை. படத்தில் இல்லாத ஒன்றே ஒன்று, நடந்த சம்பவம். பெர்லின் விழுந்த நாளில் ஸ்டாலின் அந்தப் பக்கமே போகவில்லை. விமானம் என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். 1943இல் டெஹ்ரான் மாநாட்டுக்காகப் பறந்துவிட்டு வந்ததோடு அந்த ஆசையை முடித்துக்கொண்டார். பெர்லின் பக்கம் போனது ஜூலையில், போட்ஸ்டாம் மாநாட்டுக்கு. அதுவும் ரயிலில், தண்டவாளம் நெடுக ஆயிரக்கணக்கான காவலர்களை நிறுத்திக்கொண்டு.

1956இல் குருஷ்சேவ் தன் ரகசிய உரையில் இந்தப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. காலி நாற்காலிகள் நிறைந்த பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து ஸ்டாலின் ஒற்றை ஆளாகப் போரை நடத்துகிறாரே, மற்றவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்கிற தோரணையில் கிண்டலடித்தார். ஸ்டாலின் செத்து மூன்று வருஷம் ஆனபிறகு வந்த தைரியம்தான். இருந்தாலும் சினிமா விமர்சனமாக எடுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது.

ஜெயித்தவன் படம் எடுத்தால் இப்படி. தோற்றவன் ஊரில் எடுத்தால்?

நம்மூர்த் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். படுகளத்தன்று துரியோதனனைக் களிமண்ணில் பிரம்மாண்டமாகப் படுக்கவைப்பார்கள். தொடை பிளக்கும், ரத்தம் கொட்டும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அதே களத்தில் அவனுக்காக ஒப்பாரி வைக்கவும் ஆள் உண்டு. ஐயோ, வில்லனை மனிதனாகக் காட்டிவிட்டார்களே என்று எந்த ஊர்ப் பெரியவரும் பஞ்சாயத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

ஜெர்மானியர்கள் கூட்டினார்கள். 2004இல் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இயக்கி, பெர்ன்ட் ஐஷிங்கர் எழுதித் தயாரித்த ‘வீழ்ச்சி’ வெளிவந்தபோது, பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதம். ஹிட்லர் நாயைத் தடவிக்கொடுக்கலாமா? செயலாளர்ப் பெண்ணிடம் அன்பாகப் பேசலாமா? தட்டெழுத்தில் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளலாமா? அதற்கு முன்பும் படங்கள் உண்டு. 1955இலேயே பாப்ஸ்ட் ஆஸ்திரியாவில் ஒன்று எடுத்தார். 1973இல் அலெக் கின்னஸ் ஹிட்லரானார், நாலே வருஷத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ ஞானகுருவாகி அந்தப் பாவத்தைக் கழுவிக்கொண்டார். 1981இல் தொலைக்காட்சிக்காக அந்தோணி ஹாப்கின்ஸ். அவர் பத்து வருஷம் கழித்து மனித ஈரல் தின்கிற ஹானிபல் லெக்டராக வந்தார், சைவ ஹிட்லருக்குப் பரிகாரம் போல. ஆனால் ஆங்கிலத்தில் கத்தும் ஹிட்லர் என்றால் ஜெர்மானியருக்குக் கொஞ்சம் நிம்மதி. எவனோ வெளியூர்க்காரன் என்று விட்டுவிடலாம். ‘வீழ்ச்சி’யில் ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் பேசியது வீட்டு மொழி.

கான்ஸும் ஜெர்மானியர் இல்லை, ஸ்விட்சர்லாந்துக்காரர். இந்த வேடத்துக்காக அவர் தேடிக் கேட்ட ஒலிப்பதிவு ஒன்று உண்டு. 1942 ஜூன் 4, பின்லாந்து ராணுவத் தலைவர் மன்னர்ஹைமுக்கு 75ஆவது பிறந்தநாள். வாழ்த்தப்போன ஹிட்லர் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பின்லாந்து வானொலிக்காரர் ஒருவர் மைக்கை அணைக்காமல் விட்டுவிட்டார். காவலுக்கு நின்ற எஸ்.எஸ். ஆட்கள் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் பதினோரு நிமிடம் பதிவாகிவிட்டது. கேட்டால் அசந்துபோவீர்கள். கத்தலே இல்லை. கனத்த, கொஞ்சம் களைத்த குரல். ரஷ்யர்களிடம் 35,000 டாங்கி இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவனைப் பைத்தியம் என்றிருப்பேன் என்று அங்கலாய்க்கிறார். பிறந்தநாள் வீட்டில் வந்து கடன் தொல்லையைச் சொல்லுகிற மாமா மாதிரி. பிறந்தநாள்காரர் அதிகம் வாய் திறக்கவில்லை.

கான்ஸ் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கின்சன் நோயாளிகளின் கை நடுக்கத்தையும் பார்த்து வந்தார். படத்தில் அந்த இடது கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன்பாட்டுக்குத் துடிக்கும். உலகத்தையே பிடிக்கப்போன கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்பட்டது.

பாதாள மாளிகை என்றால் நமக்கு விட்டலாச்சார்யா படத்து மந்திரவாதி குகைதான் நினைவுக்கு வரும். ஹிட்லர் கடைசி நாட்களைக் கழித்த, படம் நடக்கிற பாதாளம் அப்படியில்லை. பெர்லின் தலைமைச் செயலகத் தோட்டத்துக்கு அடியில் இருந்தது ஒரு நெருக்கடியான அரசாங்க அலுவலகம். ஈரம் கசியும் கான்கிரீட், டீசல் ஜெனரேட்டர் இரைச்சல், குறுகலான நடைபாதையில் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் ஆட்கள். மேலே சோவியத் பீரங்கிகள் ஊரைத் தூள் தூளாக்கிக்கொண்டிருக்க, கீழே தினமும் தவறாமல் மீட்டிங். மேசையில் வரைபடம். வரைபடத்தில் ராணுவங்கள். நம்மூர் வருவாய்த்துறை வரைபடத்தில் ஏரி என்று இருக்கும், போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் நிற்கும். அந்த மாதிரி ராணுவங்கள்.

1945 ஏப்ரல் 21 அன்று ஹிட்லர் ஷ்டைனர் என்ற தளபதிக்குத் தாக்குதல் உத்தரவு போட்டார். பென்சிலால் அம்புக்குறி பிரமாதமாக வந்திருந்தது. ஷ்டைனரிடம் தாக்குவதற்கு ஆள்தான் இல்லை. மறுநாள் மீட்டிங்கில் அதை யார் சொல்வது என்று தளபதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, கடைசியில் விஷயம் வெளியே வந்தது. நாலைந்து பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தலைவர் ஆட ஆரம்பித்தார். எல்லோரும் துரோகிகள், கோழைகள், போர் தோற்றுவிட்டது. கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

இந்தக் காட்சியைப் படம் பார்க்காதவர்களும் பார்த்திருப்பீர்கள். வேறு வசனத்தோடு. கான்ஸ் கண்ணாடியைக் கழற்றுவார், கை நடுங்கும், அப்புறம் வெடிப்பார். கீழே ஓடும் வரியில் கிரிக்கெட் தோல்வி, ஐபோன் விலை, பரீட்சை ரிசல்ட் என்று எது வேண்டுமானாலும் வரும். உலகத்தில் எந்த ஊர்க்காரனுக்கு எந்த எரிச்சல் என்றாலும் இவர்தான் வந்து கத்திக்கொடுக்க வேண்டும். 2010இல் பட நிறுவனம் யூடியூபிலிருந்து அவற்றை நீக்க முயன்றது. நீக்குகிறார்களே என்று அதே ஹிட்லர் கத்துகிற வீடியோவும் வந்தது. இயக்குநருக்கு அந்தக் கேலிகள் பிடித்துத்தான் இருந்தன. எனக்கும் அதில் புகார் இல்லை. பொருத்தமில்லாத வசனம் எல்லாமே அந்த வாயில் பொருந்துகிறது என்றால், கத்தல் அவ்வளவு அசலாக அமைந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அந்த அலுவலகத்தின் பணியாளர் நிர்வாகத்தையும் பார்த்துவிடலாம். தளபதி வைட்லிங் அனுமதியில்லாமல் பின்வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. சுட்டுத்தள்ள உத்தரவாகிவிட்டது. மனிதர் ஓடி ஒளியாமல் நேரே பாதாளத்துக்கே வந்து, நான் எங்கேயும் பின்வாங்கவில்லை, என் முகாம் முன்னணியில்தான் இருக்கிறது என்று வாதாடினார். தலைவருக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பெர்லின் நகரத்தின் பாதுகாப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டார். இதற்கு என்னைச் சுட்டிருக்கலாமே என்று வைட்லிங் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொல்லியிருக்காவிட்டாலும் நினைத்திருப்பார். பத்து நாளில் நகரத்தைச் சோவியத் படையிடம் எழுதிக்கொடுத்தவரும் அவரேதான்.

இன்னொருவர் ரிட்டர் ஃபொன் கிரைம். விமானப்படைத் தலைவர் கோரிங் தெற்கிலிருந்து ஒரு தந்தி அடித்தார்: நீங்கள் முற்றுகையில் இருப்பதால் பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளலாமா? பொணம் வேகிறதற்குள் பங்கு கேட்கிறானே என்று தலைவருக்குக் கோபம். கோரிங் பதவி காலி. அந்த நாற்காலிக்குக் கிரைம் வேண்டும், நேரில் வரவேண்டும் என்று உத்தரவு. ஏப்ரல் 26, எரிகிற பெர்லினுக்கு மேலே சின்ன விமானத்தில் வந்தார். வழியில் காலில் குண்டு பாய்ந்து மயங்க, கூட வந்த பெண் விமானி ஹன்னா ரைட்ஷ் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஓட்டி, பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகே தெருவில் இறக்கினார். இத்தனை பாடும் ஒரு நியமன ஆணையை வாங்க. ஒரு ரேடியோச் செய்தியில் முடிகிற காரியம். பறக்க விமானமே மிச்சமில்லாத விமானப்படைக்குத் தலைவராக, கட்டுப் போட்ட காலோடு அவர் கட்டிலில் கிடந்தார்.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஹிட்லரின் காதலி ஈவா பிரவுனின் தங்கை கணவன் ஃபேகலைன், எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் பிரதிநிதியாக அங்கே இருந்த எஸ்.எஸ். தளபதி. நைசாக நழுவித் தன் வீட்டில் குடிபோதையில் கிடந்தவரைப் பிடித்துவந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹிம்லர் மேற்கத்திய நாடுகளோடு ரகசியமாகச் சமாதானம் பேசிய செய்தி வெளிநாட்டு வானொலியில் வந்தது. ஏப்ரல் 28 இரவு ஃபேகலைனைச் சுட்டுவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஹிட்லருக்கும் ஈவாவுக்கும் திருமணம். அதாவது, சகலையைக் கொன்ற பழி தலைவர்மேல் வராது. சுட்ட நேரத்தில் அவர் சகலை ஆகியிருக்கவில்லை.

திருமணம் செய்துவைக்க வாக்னர் என்ற நகராட்சி ஆளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். வீதியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். சட்டம் சட்டம்தானே: மணமக்கள் இருவரும் தூய ஆரிய வம்சத்தவர்தானா, பரம்பரை வியாதி இல்லையா என்று உறுதிமொழி வாங்கவேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே மாப்பிள்ளை. வாங்கினார். ஈவா கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் பிரவுனுக்கு முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, அதை அடித்து ஹிட்லர் என்று எழுதினார். பிரச்சார மந்திரி கோயபல்ஸும் ஹிட்லரின் செயலர் போர்மனும் சாட்சி. வாக்னர் மேலே போனார், கொஞ்ச நேரத்தில் சண்டையில் செத்தும் போனார். தம்பதிக்கு நாற்பது மணி நேரம்கூட நிறையவில்லை.

அதே இரவில் உயில். டிரௌட்ல் யுங்கே என்ற இளம் செயலாளர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய நாசம் ஏன் நடந்தது என்று இப்போதாவது காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தாராம். வந்தது அதே பழைய பாட்டு: எல்லாவற்றுக்கும் யூதர்களே காரணம். லட்சக்கணக்கில் கொன்றது போதாமல், சாகப்போகிற நேரத்திலும் பழியை அவர்கள்மேலேயே போட்டுவிட்டு, செத்துக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு மந்திரிப் பட்டியலும் கொடுத்தார். அதை மூன்று பிரதி அடிக்கவேண்டியிருந்தது.

படம் பாதாளத்தை விட்டு அவ்வப்போது மேலே வருகிறது. அங்கே சிரிக்க எதுவுமில்லை. மேலே படமாக்கியது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில். ஜெர்மன் படைகள் 872 நாள் முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட அதே ஊர், பெர்லினாக வேடம் கட்டியது. பள்ளிக்கூடப் பையன்கள் தோளில் டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டோடு நிற்கிறார்கள். சண்டைக்கு வராத கிழவர்களை எஸ்.எஸ். ஆட்கள் விளக்குக்கம்பத்தில் தொங்கவிட்டுக் கழுத்தில் அட்டை மாட்டுகிறார்கள். கீழே கோயபல்ஸின் மனைவி மாக்தா, தூங்கவைத்த ஆறு குழந்தைகளின் வாயில் ஒவ்வொன்றாக விஷக் குப்பியை வைத்துத் தாடையை அழுத்துகிறாள். காமிரா அவசரப்படுவதில்லை. ஆறு முறை. வரைபடத்து அம்புக்குறிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாய் அங்கே மூடிக்கொள்கிறது.

ஆனால் ஹிட்லர் சாகும்போது காமிரா கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. இயக்குநர் விம் வெண்டர்ஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மற்றவன் சாவையெல்லாம் பச்சையாகக் காட்டுகிறீர்கள், இவர் சாவுக்கு மட்டும் என்ன மரியாதை? நியாயமான கேள்வி. 1987இல் இதே கான்ஸைப் பெர்லின் வானத்துத் தேவதூதனாக நடிக்கவைத்தவர் வெண்டர்ஸ். தன் தேவதூதன் பாதாளத்தில் குடியேறியதில் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்கலாம். என் கட்சி வேறு. அறைக்குள் என்ன நடந்தது என்று பார்த்தவன் எவனும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டதா என்பதிலேயே வெளியே நின்றவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. கதவை மூடிவைத்தது நாணயமான வேலைதான்.

அந்த நாணயம் கதவுக்கு வெளியே நின்றவர்கள் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டது. பாதாளத்திலிருந்து உயிரோடு வந்தவர்களெல்லாம் எப்படி இவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள்? எழுதியவர்கள், பேட்டி கொடுத்தவர்கள் அவர்களேதான் என்பதால். படத்தில் தளவாட மந்திரி ஷ்பேர் கம்பீரமாக வந்து, நாட்டையே பாழாக்கச் சொன்ன உங்கள் நாசவேலை உத்தரவை நான் நிறைவேற்றவில்லை என்று தலைவரிடம் ஒப்புக்கொண்டு விடைபெறுகிறார். அதற்கு ஆதாரம்? ஷ்பேரின் நினைவுக்குறிப்பு. அதைச் செப்பனிட உதவியவர் யோவாகிம் ஃபெஸ்ட். படத்துக்கு அடிப்படையான நூலை எழுதியதும் அதே ஃபெஸ்ட். மாமியார் வீட்டுச் சாட்சி மருமகனுக்கு அனுகூலம்.

டாக்டர் ஷெங்க் படத்தில் காயம்பட்டவர்களுக்காக உருகி ஓடுகிற மனசாட்சி. 1943இல் மௌத்ஹவுசன் முகாமில் இவர் கண்டுபிடித்த புரதச் சாசேஜைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்த கதை படத்தில் இல்லை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அவரை வைத்தியம் பார்க்கவே விடவில்லை. தளபதி மோன்கே நகரத்து மக்களுக்காக வாதாடுகிறார். 1940இல் பிரான்சில் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைச் சுட்டுக்கொன்றதில் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு கோர்ட்டுப் படியேறாமலேயே போய்விட்டது, படத்திலும் ஏறவில்லை. கடைசியில் யுங்கே ஒரு பையனோடு சைக்கிளில் வெயிலுக்குள் போகிறார். அந்தப் பையன் திரைக்கதைக்குப் பிறந்தவன். நிஜ யுங்கே பெர்லினில் சோவியத் காவலில் மாட்டினார்.

எழுதியவர்கள் என்றதும் ட்ரெவர்-ரோப்பர் ஞாபகம் வருகிறது. ஹிட்லர் செத்தாரா என்று 1945இல் துப்புத் துலக்கிய பிரிட்டிஷ் உளவு அதிகாரி, பெரிய சரித்திரப் பேராசிரியர். தலைவர் செத்தபிறகு பாதாளத்தில் நடந்த முதல் புரட்சியைப் பதிவு செய்தவரும் அவர்தான்: அத்தனை பேரும் சிகரெட் பற்றவைத்தார்கள். தலைவர் இருந்தவரை அங்கே புகைபிடிக்கத் தடை. இவ்வளவு நுட்பமான மனிதர், 1983இல் ஒரு ஜெர்மன் பத்திரிகை லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய ஹிட்லர் டைரிகளைப் பார்த்து, அசல்தான் என்று சான்று கொடுத்தார். டைரிகளை எழுதியவர் கூயாவ் என்ற போலிப் பேர்வழி. அட்டையில் ஒட்டிய முதலெழுத்து அடால்ஃபின் ‘ஏ’ இல்லை, ‘எஃப்’. பழைய பாணி எழுத்தில் கூயாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பேராசிரியரும் கேட்கவில்லை.

வாய் திறந்து பொய் சொல்லாத சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பற்கள். தோட்டத்தில் எரிந்த பிணத்தின் தாடையைச் சோவியத் உளவுப்பிரிவு எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, யெலெனா ர்ஷெவ்ஸ்கயா என்ற மொழிபெயர்ப்பாளரிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. வெற்றிச் செய்தி வந்த இரவில் ஊரே குடித்து ஆட, அவர் அந்தப் பெட்டியைக் கீழே வைக்க முடியாமல் திண்டாடினார். ஹிட்லரின் பல் வைத்தியர் ஊரைவிட்டுப் போயிருந்தார். உதவியாளர் கேத்தே ஹொய்சர்மானைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பல்லுக்கு எந்த உறை, பாலத்தை எங்கே அறுத்தது என்று அவர் நினைவிலிருந்தே சொன்னார். பெட்டியைத் திறந்தார்கள். பொருந்தியது.

மே மாதமே விஷயம் முடிந்தது. ஆனால் ஸ்டாலின் அதை அமுக்கிவிட்டு, ஹிட்லர் ஸ்பெயினுக்கோ அர்ஜென்டினாவுக்கோ தப்பியிருப்பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெர்லினைப் பிடித்த மார்ஷல் ஷுகோவுக்கே சொல்லவில்லை. அவர் இருபது வருஷம் கழித்து ர்ஷெவ்ஸ்கயா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஹொய்சர்மானை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்த் தனிச் சிறையில் போட்டார்கள். ஹிட்லரின் பல்லுக்கு வைத்தியம் பார்த்து ஜெர்மனி போரை நீட்டிக்க உதவினார் என்பது குற்றம். பத்து வருஷத் தண்டனை.

1950இல் ‘பெர்லினின் வீழ்ச்சி’ மாஸ்கோ தியேட்டர்களில் ஓடியது. வெள்ளைச் சீருடை, விமானம், முத்தம். ஹிட்லர் செத்துவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த பெண்மணி அப்போது அதே ஊரில்தான் பூட்டிய அறைக்குள் இருந்தார். அவருக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.